அசுரனுக்கு எந்த எழுத்து?

சென்ற மாதம் ஓர் இளம் எழுத்தாளர் தம்முடைய நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். கையெழுத்துப் பிரதி என்று பழைய வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன்; கம்ப்யூட்டரில் அடித்து, சுருள்கம்பி போட்டுக் கட்டிய எழுநூறு பக்கம். நான் முன்னுரை எழுதித் தர வேண்டுமாம். கதை கற்பனையான ஒரு தேசத்தில் நடக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் நல்லவர்கள். அந்தப் பக்கம் அசுரர்கள். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே பாஷை செய்து வைத்திருந்தார். நல்லவர்களுடைய ஊர்கள் ஏலமினா, லூவேலி, நயோலா. அசுரர்கள் வாயைத் திறந்தால் க்ராட்ஸ்க், ட்ருக்ஹா, ஸ்க்ழெட்.

"தம்பி, இந்த அசுரர் பாஷையில் ஒரு சொல் எந்தெந்த எழுத்தில் ஆரம்பிக்கலாம்? எதில் முடியலாம்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் திகைத்தார். "அப்படியெல்லாம் யோசிக்கவில்லை, சார். அசுரர்கள் பேசுவது, பாருங்கள், காதுக்குக் கரடுமுரடாக இருக்க வேண்டாமா?"

காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த 'வேண்டாமா' என்னை விடவில்லை. அவர் ஒருவருடைய அசட்டுத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேலாகப் பாஷையைப் புதிதாகப் படைக்கக் கிளம்பிய மேதாவிகள் பலரும் இதே தப்பைத்தான் வெவ்வேறு உடுப்பில் செய்திருக்கிறார்கள். தங்கள் வாய்க்கு வருவது சுலபம் என்றார்கள். தங்கள் காதுக்குப் பிடிக்காதது அசிங்கம் என்றார்கள். அதையே இலக்கண விதியாகவும் எழுதி வைத்தார்கள். இதற்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

நான் மொழிநூல் கற்றவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் ஒரு பாஷைக்கு முகவெட்டு எதனால் அமைகிறது என்பது கதை எழுதுகிறவனுக்குக் காதிலேயே தெரிந்துவிடும். அது எந்த ஒலிகளை வேண்டாம் என்று தள்ளுகிறதோ, அதனால்தான் அமைகிறது. தமிழில் ஒரு சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவேதான் பாங்க் வந்தால் பாங்கி ஆக்கிக்கொண்டோம். ரோட் வந்தால் ரோடு என்று ஓர் உகரத்தைக் கொடுத்து உட்கார வைத்தோம். இரண்டு மெய் சேர்ந்துகொண்டு சொல்லின் தலையில் நிற்க முடியாது. ஆகவே கிராமத்துக் கிழவி 'இஸ்கூல்' என்கிறாள். அவளுக்குத் தொல்காப்பியம் தெரியாது. தொல்காப்பியருக்கு அவளுடைய வாய் தெரிந்திருந்தது.

'தும்பலி' என்று இப்போது நானே ஒரு சொல்லைக் கட்டுகிறேன். அர்த்தம் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் ஏதோ ஓர் ஊரோ, வழக்கொழிந்த ஒரு காய்கறியோ என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். 'ட்வ்ரஸ்க்' என்று கட்டினால் நம்பமாட்டீர்கள். கற்பனைப் பாஷையை வாசகன் நம்புவதும் நம்பாததும் இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அகராதி எவ்வளவு தடிமன் என்பதில் இல்லை. என் நண்பருடைய அசுரர் பாஷைக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது: அவருடைய நாக்குக்குக் கஷ்டமானதெல்லாம் அதில் சேர்த்தி. அதை நான் பாஷை என்று சொல்லமாட்டேன். இருமல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முதலில் 'சுலபம்' என்ற பொய்யைப் பார்ப்போம். 1879-ல் தெற்கு ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், யோஹான் மார்ட்டின் ஷ்லையர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு பாஷை செய்தார். கடவுளே உத்தரவிட்டார் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். பாஷைக்குப் பெயர் வோலாப்பூக். 'வோல்' என்றால் உலகம். 'பூக்' என்றால் பேச்சு. இங்கிலீஷில் உள்ள 'வேர்ல்ட்' என்ற சொல்தான் வோல் ஆயிற்று; 'ஸ்பீக்' பூக் ஆயிற்று. இங்கிலீஷ்காரனே தன் குழந்தைகளை அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி ஏன் இப்படி மொட்டையடித்தார் என்றால், அவருடைய விதிகள் அப்படி. வேர்ச்சொல் ஒவ்வொன்றும் மெய்யில் தொடங்கி மெய்யில் முடிய வேண்டும். அப்போதுதான் முன்னும் பின்னும் உயிரெழுத்தைக் கொண்டு விகுதிகளை ஒட்டலாம். மெய்கள் கும்பலாகக் கூடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'ர' கூடாது. முக்கியமாகச் சீனர்களை உத்தேசித்து அந்த எழுத்தையே துரத்திவிட்டார்.

நல்ல மனசுதான். ஆனால் என்ன நடந்தது பாருங்கள். ஐரோப்பா யூலோப் ஆயிற்று. அமெரிக்கா மேலோப் ஆயிற்று. ஆப்பிரிக்கா ஃபிகோப் ஆயிற்று. எண்களைக் கேளுங்கள்: பல், தெல், கில், ஃபோல், லுல், மெல், வெல், ஷோல், ஸுல். ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் அவ்வளவும் லகரத்தில் முடிகின்றன. பட்டியலில் பார்க்க வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுத்து நிற்பதுபோல் அழகாகத்தான் இருக்கிறது. சந்தை இரைச்சலில் நின்றுகொண்டு ஒருவன் விலை சொன்னால் இரண்டா ஏழா என்று எப்படித் தெரியும்? தெல்லா வெல்லா என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மனிதர்களுடைய பாஷைகளில் எண்கள் ஒன்றுக்கொன்று ஜாடையில்லாமல் இருப்பது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. சந்தையில் அடிபட்டு அப்படி ஆனது. பாதிரியார் சந்தைக்குப் போகவில்லை, மேஜையில் உட்கார்ந்து செய்தார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சீனனுக்காக 'ர'வை விலக்கி 'ல'வை வைத்துக்கொண்டவர், பக்கத்து வீட்டு ஜப்பானியனை மறந்துவிட்டார். ஜப்பானிய பாஷையில் நம்முடைய ரகரத்தைப் போன்ற ஒலிதான் உண்டு. லகரம் தனியாகக் கிடையாது. ஆக ஒருவனுக்குக் கதவைத் திறந்த அதே விதி இன்னொருவன் முகத்தில் கதவைச் சாத்திற்று. அது கிடக்கட்டும். ஜெர்மன் பாஷையில் உள்ள, உதட்டைக் குவித்துக்கொண்டு இகரத்தையும் எகரத்தையும் சொல்லுகிற உயிர்கள் இருக்கின்றனவே, அவற்றை மாத்திரம் பத்திரமாக வைத்துக்கொண்டார். 'பூக்' என்பதில் இருக்கும் உயிர் உண்மையில் அதுதான். அதை எழுதத் தமிழில் எனக்கு எழுத்து இல்லை. இங்கிலீஷ்காரனுக்கும் வராது. ஷ்லையருக்கு அது கஷ்டம் என்று ஏன் தோன்றவில்லை? அவருடைய அம்மா அதைச் சொல்லித்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்.

வோலாப்பூக் ஒரு காலத்தில் ஓகோ என்று இருந்தது. 1889-ல் பாரிஸில் கூடிய அதன் மூன்றாவது மாநாடு முழுக்க அந்தப் பாஷையிலேயே நடந்தது. பிறகு சில வருஷங்களிலேயே கலகலத்துவிட்டது. அதற்கு ஒலி மாத்திரம் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. சீர்திருத்தம் வேண்டும் என்றவர்களோடு ஷ்லையர் மல்லுக்கட்டினார். பாஷை தம் சொத்து, கடைசி வார்த்தை தம்முடையது என்றார். 1931-ல் ஹாலந்துக்காரரான ஆரீ டி யோங் என்பவர் அதைத் திருத்தி எழுதினார். அவர் செய்த காரியங்களில் ஒன்று, துரத்தப்பட்ட 'ர'வைத் திரும்ப வீட்டுக்கு அழைத்து வந்தது.

எஸ்பெராண்டோவின் கதை இதைவிட நன்றாக நடந்தது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1887-ல் அதை வெளியிட்ட டாக்டர் ஸாமென்ஹாஃப் கண் வைத்தியர். இன்று போலந்தில் இருக்கும், அன்று ருஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்த, பியாலிஸ்டாக் என்னும் ஊர்க்காரர். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஒவ்வொரு சொல்லிலும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் — இவை தங்கமான விதிகள். ஆனால் அவரும் தம் ஊர் வாயைத்தான் உலகத்தின் வாய் என்று எண்ணினார். 'தெரிந்துகொள்' என்பதற்கு அவர் வைத்த சொல் 'ஸ்ட்ஸி-இ' என்று ஆரம்பிக்கிறது. போலந்துக்காரன் தூக்கத்தில்கூடச் சொல்வான். நம் கிழவி 'இஸ்' என்று ஆரம்பித்து அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். தொண்டையில் காறுவது போன்ற ஒரு 'ஹ'வையும் வைத்தார். 1905-ல் பாஷையின் அஸ்திவாரத்தை யாரும் தொடக்கூடாது என்று மாநாடு கூடித் தீர்மானம் போட்டார்கள். ஜனங்கள் தீர்மானத்தை மதித்தார்கள், எழுத்தை நீக்கவில்லை. ஆனால் பேசப் பேச அந்த 'ஹ' இருந்த பல சொற்களில் 'க' வந்து குடியேறிவிட்டது. பேசுகிறவன் கையில் கொடுத்த பிறகு பாஷை தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. எஸ்பெராண்டோ இன்றும் உயிரோடிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

'சுலபம்' என்ற பொய்யாவது பிறருக்கு உதவி செய்கிறோம் என்ற எண்ணத்தில் பிறந்தது. 'அசிங்கம்' என்ற பொய் அப்படியல்ல. இங்கே வரும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஏனென்றால் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவர் நான் மிகவும் மதிக்கும் ஓர் எழுத்தாளர்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய நாவல் 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வெளிவந்தது. எழுதிய டோல்கியன் ஆக்ஸ்போர்டில் பழைய இங்கிலீஷ் போதித்த பேராசிரியர். கதைக்காகப் பாஷை செய்தவரல்ல. பாஷைகளைச் செய்துவிட்டு, அவற்றைப் பேச ஆட்கள் வேண்டுமே என்று கதை செய்தவர். ஃபின்னிஷ் பாஷையின் ஒலியில் மனத்தைப் பறிகொடுத்து அவர் படைத்தது க்வென்யா. வெல்ஷ் பாஷையின் சாயலில் படைத்தது சிண்டரின். இரண்டும் எல்ஃப் என்னும் தேவஜாதியின் பாஷைகள்.

க்வென்யாவின் விதிகளைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லின் தலையில் மெய்க்கும்பல் கூடாது. சொல் முடிவில் உயிர் வரலாம். மெய்யானால் ன், ர், ல், ஸ், த் என்ற சிலவற்றுக்கு மாத்திரமே அனுமதி. இங்கிலீஷ் பி, டி, ஜி எழுத்துக்களின் கனத்த ஒலி தனியே வராது; மூக்கெழுத்துக்கோ ல், ர் என்பவற்றுக்கோ பின்னால்தான் வரும். 'பாம்பு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றா? மகரத்தின் பின்னால் வந்த பகரம் கனத்துப் போகிறதல்லவா? தமிழை அவர் இதற்காகப் பார்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் நினைத்த தேவலோகத்து விதியும் நம் தெருக்கோடிக் கிழவியின் விதியும் இவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்றால், அந்த மனிதருக்குக் காது இருந்தது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட காது உள்ளவர் தீயவர்களுக்கு என்ன பாஷை கொடுத்தார்? கறுப்புப் பாஷை என்று பெயரே வைத்துவிட்டார். அதில் மோதிரத்துக்கு 'நாஸ்க்'. 'உக்' என்று இடிக்கும் விகுதிகள். மோதிரத்தில் பொறித்த வாசகத்தை ஒரு சபையில் உரக்கப் படித்தபோது எல்ஃப்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். போகட்டும், அது மந்திரம், சாபம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாவலின் அனுபந்தத்தில் உச்சரிப்பைப் பற்றி எழுதும்போது இன்னொன்று சொல்கிறார். ஆர்க் என்னும் அரக்கர்கள் ரகரத்தைத் தொண்டையடியில் உருட்டினார்களாம். எல்ஃப்களுக்கு அது அருவருப்பாக இருந்ததாம்.

தொண்டையடியில் உருளும் அந்த ரகரம் எது தெரியுமா? பாரிஸ் நகரத்தில் ரொட்டிக் கடைக்காரர் முதல் கவிஞர் வரை எல்லோரும் சொல்லுகிற ரகரம். ஜெர்மனியில் பெரும்பாலோர் சொல்லுகிற ரகரம். அதில் காதல் கடிதம் படித்திருக்கிறார்கள். அதில் தாலாட்டுப் பாடியிருக்கிறார்கள். 'நாஸ்க்' என்ற சொல்லைப் பாருங்கள்: ஐரிஷ் பாஷையில் 'நாஸ்க்' என்றால் பிணைப்பு, கட்டு. அந்தச் சொல் தம் நினைவின் அடியில் கிடந்து வந்திருக்கலாம் என்று டோல்கியனே பின்னால் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெல்ஷ் பாஷை காதுக்கு இனித்ததால் அது தேவர்களுக்குப் போயிற்று. அடுத்த தீவுக்காரனுடைய சொல் இருட்டுக்குப் போயிற்று. நடுவில் இருந்த தராசு ஒரு பேராசிரியருடைய காது. அவர் அளவுக்குக் காது இல்லாதவர்கள் அதே தராசைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்?

சினிமா எடுத்தது. 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் கிளிங்கான் என்று வேற்றுக்கிரகத்து வீர ஜாதி ஒன்று வரும். 1984-ல் வந்த மூன்றாவது படத்துக்காக மார்க் ஒக்ராண்ட் என்ற மொழிநூல் அறிஞர் அவர்களுக்கு முறையாகப் பாஷை செய்து கொடுத்தார். அடுத்த வருஷம் அகராதியும் வெளிவந்தது. ஒக்ராண்ட் என் இளம் நண்பரைப் போலக் கண்ட எழுத்தை அள்ளி இறைத்தவரல்ல. இருபத்தொரு மெய், ஐந்து உயிர். அசை ஒவ்வொன்றும் மெய்யில்தான் தொடங்கும். இரண்டு மெய் சேர்ந்து அசையை முடிப்பதென்றால் குறிப்பிட்ட மூன்றே சேர்க்கைகளுக்குத்தான் இடம். இதில் எனக்குக் குறையே இல்லை. மனித பாஷைகளில் ஒன்றாகக் காணப்படாத ஒலிகளை வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்த்தார். தனித்தனியே எடுத்தால் எல்லாம் மனித ஒலிகளே. பூமிக்கு அந்நியமாக ஒலிக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை.

ஆனால் எந்த ஒலிகள் அமெரிக்கச் செவிக்கு அந்நியமாக இருந்தன என்று பாருங்கள். அரபு தேசத்தார் அடித்தொண்டையில் சொல்லும் ககரத்தின் உறவுக்காரன் ஒன்று. மெக்ஸிகோவின் பழங்குடிகளுடைய நாவாட்டில் பாஷையில் தகரமும் லகரமும் ஒட்டிப் பிறக்கும் ஓர் ஒலி. அப்புறம், நாக்கை மேலண்ணத்துக்கு வளைத்துச் சொல்கிற ஒரு டகரம். 'வீடு' என்று சொல்லும்போது நம் நாக்கு போய்த் தொடுகிற இடம். நம் வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் தெளிவாகச் சொல்லிவிடுகிற ஒலி, நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்த முரடனின் அடையாளம்! இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதிலும் ஒரு நியாயம் நடந்தது. ரசிகர்கள் அந்தப் பாஷையைப் படித்தார்கள், பேசினார்கள், 'ஹாம்லெட்' நாடகத்தையே அதில் பெயர்த்து 2000-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். டென்மார்க் இளவரசன் அந்த டகரத்தோடு துக்கப்பட்டான். பழகின காதுக்கு அது முரட்டு பாஷையாக இருக்கவில்லை.

சிரிப்பு வராத விஷயத்துக்கு இப்போது வருகிறேன். 2015-ல் தமிழிலும் தெலுங்கிலும் வந்து தேசமெல்லாம் ஓடிய 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் என்று ஒரு கூட்டம் படையெடுத்து வரும். நம்மவரான மதன் கார்க்கி அவர்களுக்காக 'கிளிக்கி' என்ற பாஷையைச் செய்தார். எழுநூற்றைம்பது சொற்களும் நாற்பது இலக்கண விதிகளும் அதற்கு உண்டு என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. வில்லனுக்கு நாலு உறுமலை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகாமல், ஒருவர் விதி வகுத்து உழைத்தார் என்பதற்கு நான் தலைவணங்குகிறேன். 2020-ல் அதை யார் வேண்டுமானாலும் கற்கத்தக்க பாஷையாக விரித்தும் வெளியிட்டார். பாஷை செய்தவர்மேல் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பாஷையைத் திரையில் யார் வாயில் வைத்தார்கள் என்பதில்தான் சண்டை.

கரியைப் பூசிய உடம்பு, கோரமான பல், பெண்களைச் சூறையாடும் பேச்சு. கூடவே நாக்கைச் சொடுக்கும் ஒலி. நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் மெய்யெழுத்துக்கள் தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கான ஜனங்களுடைய தாய்ப்பாஷையில் இருக்கின்றன. ஸுலுவில் இருக்கின்றன. ஹோஸாவில் இருக்கின்றன, அந்தப் பாஷையின் பெயரே ஒரு சொடுக்கில்தான் தொடங்குகிறது, நான் எழுதின 'ஹோ' அதற்குச் செய்த துரோகம். நெல்சன் மண்டேலா பிறந்து பேசிய பாஷை அது. மிரியம் மக்கேபா என்ற பாடகி ஹோஸாப் பாட்டு ஒன்றை உலக மேடைகளில் பாடினார். இங்கிலீஷ்காரர்களுக்கு அதன் பெயரைச் சொல்ல வராததால் 'சொடுக்குப் பாட்டு' என்று வைத்துவிட்டார்கள் என்று சபையிலேயே சிரித்துக்கொண்டு சொல்வார். காலகேயர் தலைவனுக்குப் படத்தில் இன்கோஷி என்று பெயர். ஸுலுவில் 'இன்கோசி' என்றால் அரசன், தலைவன். தற்செயலோ என்னவோ. ஆனால் டர்பனில் இந்தப் படத்தைப் பார்க்கும் ஒரு ஸுலுக்காரன் தற்செயல் என்றா நினைப்பான்? அதே டர்பனில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களும் வாழ்கிறார்கள். இடைவேளையில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று காபி வாங்க வேண்டும்.

நமக்குத்தான் அந்த ஒலி அந்நியமா? யாராவது கஷ்டத்தைச் சொன்னால் 'உச்சுக் கொட்டுகிறோமே', அது என்ன? அசல் சொடுக்கு. மாட்டு வண்டிக்காரர் கன்னத்துப் பக்கம் நாக்கை இழுத்து மாட்டை விரட்டுவாரே, அது இன்னொரு சொடுக்கு. பரிதாபத்துக்கும் மாட்டுக்கும் நாம் வைத்திருக்கிறோம். அவர்கள் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளைக்காரனிடமிருந்து இந்தக் கெட்ட பழக்கத்தைக் கற்றோம் என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நம் தேசத்தில் இது பழைய சரக்கு. சம்ஸ்கிருத நாடகத்தில் ராஜாவும் பண்டிதரும் சம்ஸ்கிருதம் பேசுவார்கள்; பெண்களும் ஏவலாட்களும் பிராகிருதம். அதிலும் மட்டமான பாத்திரம் என்றால் மாகதி. ரகரம் வரவேண்டிய இடத்தில் லகரம் போடு, ஸகரத்துக்குச் சகாரம் போடு, மாகதி தயார். நாடகாசிரியர்கள் கையில் இந்தப் பிராகிருதங்களும் பாதி செயற்கைப் பாஷைகளே. இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விதிப்படி எழுத்தை மாற்றி எழுதினார்கள். சாகுந்தலத்தில் மோதிரத்தைக் கண்டெடுத்த மீனவன் மாகதி பேசுகிறான். மிருச்சகடிகத்தில் ராஜாவின் மைத்துனன், அந்தக் கோமாளிக் கொடியவன், சகாரத்தையே மென்று துப்புகிறான். அவனுக்குச் சகாரன் என்றே பெயர்.

ஆனால் அந்த மகத தேசத்து வாய் யாருடையது? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஒடிஸாவின் தௌலிப் பாறையிலும் மற்ற இடங்களிலும் அசோகன் வெட்டிவைத்த சாஸனங்களில் 'ராஜா' என்று இல்லை, 'லாஜா' என்றுதான் இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியைக் கட்டி ஆண்ட சக்கரவர்த்தியின் கச்சேரி பாஷை அது. சில நூற்றாண்டுகள் கழித்து மேடையில் அதைப் பேசினால் ஜனங்கள் சிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு! லகரத்தில் என்ன குறைந்துவிட்டது? சாம்ராஜ்யம் போய்விட்டது, அவ்வளவுதான்.

"ஒலிக்கும் உணர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லையா? போர்ப் பாட்டுக்கு வல்லினமும் தாலாட்டுக்கு மெல்லினமும் கவிஞன் பார்த்துப் போடுவதில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வோல்ஃப்காங் கோலர் என்ற மனோதத்துவ அறிஞர் இதை ஆராய்ந்திருக்கிறார். முனை முனையாக ஒரு படம், வளைந்து வளைந்து ஒரு படம். 'டக்கேட்டே', 'மலூமா' என்று அர்த்தமில்லாத இரண்டு பெயர்கள். எது எதற்கு என்று கேட்டால் முனைப் படத்துக்கு டக்கேட்டே என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். வல்லினம் கூர்மையாகத்தான் ஒலிக்கிறது. கூர்மைக்கும் கொடுமைக்கும் என்ன உறவு என்றுதான் கேட்கிறேன். முள்ளும் கூர்மை, கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற வைத்தியரின் ஊசியும் கூர்மை. கவிஞன் ஒரு பாஷைக்குள்ளே வல்லினத்தையும் மெல்லினத்தையும் சமயம் பார்த்துப் பயன்படுத்துகிறான். ஒரு ஜாதி முழுவதுக்கும் பிறப்பிலேயே வல்லினத்தை மாத்திரம் எழுதி வைப்பது வேறு காரியம். கம்பன் இராவணனுக்குத் தனித் தமிழா செய்தான்? இராமனுக்கு எந்தத் தமிழோ அதே தமிழ்தான் இலங்கேசுவரனுக்கும். அதனால் அவன் அரக்கத்தனம் குறைந்துவிட்டதா? இன்னும் பயங்கரமாக அல்லவா ஆயிற்று!

செயற்கைப் பாஷையிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. 2009-ல் வந்த 'அவதார்' படத்தில் பால் ஃப்ராமர் செய்த நாவி பாஷையில் தொண்டையை அடைத்துப் பட்டென்று வெடிக்கிற ப, த, க மூன்று இருக்கின்றன. எதியோப்பியாவில் அம்ஹாரிக் பாஷையில் அந்த மாதிரி ஒலிகளைக் கேட்கலாம். இந்த வெடிப்புக்களைத் தனியே எடுத்துக் கொடுத்திருந்தால் என் நண்பர் நேரே அசுரர் பக்கத்தில் சேர்த்திருப்பார். படத்தில் பேசுகிறவர்களோ மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற நல்லவர்கள். கேட்டவர்களில் யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

இளம் நண்பர் போன வாரம் மறுபடி வந்தார். இவ்வளவையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "எழுநூறு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, ஓர் அசுரப் பெண் தன் குழந்தையைத் தூங்கப் பண்ண என்ன சொல்வாள்?" பதில் இல்லை. அவருடைய அசுரர்களுக்குக் குழந்தைகளே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

நேற்று இரவு வாட்ஸாப்பில் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டாராம். அசுரர் பாஷையில் உதடு சேரும் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது என்று முதல் விதி வகுத்திருக்கிறாராம். பகரம் இல்லை, மகரம் இல்லை. சொல் எல்லாம் உயிரில்தான் முடியும். அது வரைக்கும் சரியாக வந்துவிட்டது, சார், ஆனால் மகரம் இல்லாமல் குழந்தை அம்மாவை எப்படிக் கூப்பிடும் என்பதுதான் மூன்று நாளாக ஓடவில்லை என்கிறார்.

முன்னுரைக்குத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.